கீழ்க்கோடு

பல்கலைக்கழக எலிமனையில் ஓர் எலியைக் கொல்லக் கையெழுத்துப் போடுபவர், முதலில் உணர்வேற்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் அந்த எலியாக இருந்தாக வேண்டும். அதன் மூளையில் எழும் உணர்ச்சி அப்படியே மனிதத் தலைக்குள் இறங்கும். திரையில் இரண்டு கோடுகள் ஓடும். மேலே எலியின் வேதனை, கீழே மாட்டியவரின் வேதனை. மேல்கோடு சிவப்பைத் தொட்டால் அந்த எலியைக் கொல்லக்கூடாது. கீழ்க்கோட்டைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை.

சட்டம் அப்படி, வழக்கம் வேறு. பதினோரு ஆண்டுகளாகப் பேராசிரியர் திலகவதி கையெழுத்து மட்டும் போட்டார். மாட்டிக்கொண்டது உதவியாளர் ஆரோக்கியசாமி. தீனி வைப்பதும் அவர்தான், கொல்வதும் அவர்தான். பெரிய படிப்புப் படித்தவர்கள் இதையெல்லாம் தலையில் ஏற்றிக்கொள்வார்களா என்ன?

பாதி எலிகள் பயத்திலேயே சிவப்பைத் தொட்டு ஆய்வு முடங்கியபோது, திலகவதி பயத்தின் மரபணுவையே வெட்டியெடுத்து அஞ்சாத எலிகளை உருவாக்கினார். நாடு முழுக்க அவற்றை அனுமதிக்கலாமா என்று பார்க்க இன்று அறநெறிக் குழுத் தலைவர் வேதநாயகம் வந்திருந்தார்.

"நீங்களே மாட்டுங்கம்மா, பாத்துடலாம்."

வேறு வழியில்லை. மாட்டினார். ஆரோக்கியசாமி கூண்டுக்குள் கையை விட்டார். திலகவதிக்குள் பயம் துளிகூட இல்லை. இருந்தது சந்தோஷம். அந்தக் கை வந்துவிட்டதே என்ற சந்தோஷம். எலி ஓடிவந்து உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்தது.

"எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"முன்னாடி பயப்படும் மேடம். அதுவே தேவலாம். இப்ப இதுகளுக்கு என்னைப் பிடிச்சிருக்கு." ஆரோக்கியசாமி எலியையே பார்த்துக்கொண்டு சொன்னார். "வேற வேலைக்கு மாத்தச் சொல்லி ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேனே."

அந்த இரண்டு கடிதங்களையும் திலகவதி பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இப்போது அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மேல்கோடு பிரமாதம்!" என்றார் வேதநாயகம். "கீழதான் ஏனோ எகிறுது. இதுவும் மரபணு சமாச்சாரந்தானேம்மா? மாட்டுறவங்களுக்கும் வெட்டிட்டா ஆச்சு."

ஆரோக்கியசாமி நிமிர்ந்து பார்த்தார். கூடாது என்று திலகவதி சொல்லியிருக்க வேண்டும்.

"ஆறு மாசம் குடுங்க சார்" என்றார்.

சொல்லி முடித்ததும் கீழ்க்கோடு சிவப்பைத் தாண்டியது. வேதநாயகம் அதைப் பார்க்காமல் அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டார்.