இருபத்திரண்டாவது சொடக்கு

பொம்மையோடு வந்த தாளில் இருபத்தொரு மடிப்பு என்றுதான் போட்டிருந்தது. அவள் காதில் விழுந்ததோ இருபத்திரண்டு சொடக்கு.

பன்னிரண்டு வருஷமாகப் பொம்மைகளின் வடிவமைப்பைச் சோதித்து, இது தேறும், இது தேறாது என்று எழுதிக் கொடுப்பதுதான் அவள் வேலை. எதிலும் ஒரு நொட்டை கண்டுபிடிக்காமல் விடமாட்டாள் என்பதால் அலுவலகத்தில் 'நொட்டை மேடம்' என்றே பட்டப்பெயர். இன்று மேசைமேல் நின்றது ஒரு சாண் உயர ரோபோ. கைகாலை மடக்கி, முதுகைத் திருப்பி, மார்புத் தகட்டைத் திறந்து, கடைசியாகத் தலையை உள்ளே அழுத்தினால் சிறுத்தையாகிவிடும். ஒவ்வொரு மூட்டும் தன் இடத்தில் உட்காரும்போது, விரலில் சொடக்கு எடுத்தாற்போல ஒரு சத்தம் வரும். கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை எண்ணுவது அவள் வழக்கம். பார்த்துக்கொண்டே மடக்கினால் அழகில் மயங்கிக் கோட்டை விட்டுவிடுவோம் என்பாள்.

நேற்று அவசரத்தில் அப்படி எண்ணிப் பார்க்கவில்லை. வந்த இரண்டு மாதிரிகளில் ஒன்றை அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது விதி. அவள் அதைக் கைப்பைக்குள் போட்டு மகளுக்குக் கொண்டுபோய்விட்டாள். சிட்டுக்கு ஆறு வயது. "பொம்ம ஆபீஸ்ல வேலன்னு பேரு, எனக்கு ஒண்ணாச்சும் இருக்கா?" என்று ஒரு வாரமாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. பெற்ற மனசு கேட்கவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. சக ஊழியர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப்போன அறையில் புதுப் பிளாஸ்டிக்கின் இனிப்பு வாடையும், மூட்டுக்குப் போட்ட எண்ணெயின் கமறலும், சன்னல் கம்பியிலிருந்து சொட்டும் தண்ணீரின் ஓசையும் கலந்து கிடக்க, அவள் கண்ணை இறுக மூடி மறுபடி முதலிலிருந்து மடக்க ஆரம்பித்தாள். இருபதுவரை சுலபம். தலைதான் முரண்டு பிடித்தது. 'குழந்தையின் கைக்குப் பலம் போதாது, பெரியவர் அழுத்த வேண்டும்' என்று அறிக்கையில் ஏற்கெனவே குறித்திருந்தாள். கட்டைவிரலால் அழுத்தினாள். இருபத்தொன்று.

சிறுத்தையை மேசைமேல் வைத்தாள். இரண்டு கையையும் எடுத்துவிட்டாள்.

சொடக்.

கண்ணைத் திறந்தாள். இடக்கைச் சுண்டுவிரல் பின்பக்கமாக மடிந்து புறங்கையில் ஒட்டியிருந்தது. வலியே இல்லை. மற்ற கையால் பிடித்து நிமிர்த்தினாள். எண்ணெய் போட்ட மூட்டுபோல வழுக்கிக்கொண்டு வந்தது. அதே சத்தம்.

பொம்மையை வரைந்தவருக்குப் போன் போட்டாள்.

"சார், இருபத்தொரு மடிப்புதானே?"

"ஆமா மேடம்." குரல் தரைக்குப் பக்கத்திலிருந்து வருவதுபோல் இருந்தது. "ஏன், கூட ஒண்ணு கேக்குதா?"

அவள் தன் சுண்டுவிரலைப் பார்த்தாள்.

"எனக்கும் மொதல்ல ஒண்ணுதான் கேட்டுச்சு. மிருகம் மாதிரியே மடியணும்னு, என் கைகால மடக்கி மடக்கிப் பாத்துதான் வரைஞ்சேன்." சொடக். "சின்னப் பசங்க கையில குடுத்துடாதீங்க மேடம். அதுங்க எலும்பு இளசு." சொடக். சொடக். அப்புறம் தரையில் நகம் உராயும் ஓசை மட்டும்.

வீட்டுக்கு அழைத்தபோது கணவன் எடுத்தான்.

"சிட்டு என்ன பண்றா?"

"ஸ்கூல் விட்டு வந்ததுலேர்ந்து அந்தப் பொம்மையோடதான். ரூமுக்குள்ள போனவ வெளிய வரல. அதிசயமா வீடே அமைதியா இருக்கு, போ."

"அதப் புடுங்கி வெளிய போடுங்க. இப்பவே!"

"நீதானே வாங்கிட்டு வந்து குடுத்த? கையெல்லாம் சோப்பு. இந்தப் பாத்திரத்தத் தேய்ச்சிட்டுப் போறேன், இரு."

குடைகூட எடுக்கவில்லை. இரண்டு தெரு. ஓடினாள். செருப்பு ஒன்று எங்கோ கழன்றது. முழங்கை தானாக ஒருமுறை சொடுக்கியது. பார்க்கவில்லை. ஐயோ என் குழந்தை. அது ஒன்றுதான் நினைப்பு.

சமையலறையில் குழாய்ச் சத்தம். படுக்கையறை இருட்டு. அதே இனிப்பு வாடை.

விளக்கைப் போட்டாள். தரை நடுவில் பொம்மை நின்றது. ரோபோவாகவே. ஒரு மடிப்புகூட மடக்காமல்.

கட்டிலுக்கடியில் சொடக். இன்னொரு சொடக்.

"சிட்டு... வெளிய வாடி கண்ணு."

வந்தது. நாலு காலில். முழங்கால்கள் பின்பக்கமாக மடிந்திருந்தன. முதுகு திரும்பியிருந்தது. பள்ளிச் சட்டையின் பொத்தான்களுக்கு நடுவே மார்பு இரண்டு கதவாகத் திறந்து கிடந்தது. முகம் மட்டும் சிட்டுவின் முகம். பல் விழுந்த ஓட்டை தெரிய அதே சிரிப்பு.

"இருபது நானே பண்ணிட்டேம்மா." பெருமை தாங்கவில்லை குழந்தைக்கு. "தலைய மட்டும் நீ அழுத்து. எனக்கு பலம் பத்தல."

மாட்டேன் என்று கத்த வாயைத் திறந்தாள். கைகள் முன்னே நீண்டன. அவள் நீட்டவில்லை. தோளில் ஒன்று. முழங்கையில் ஒன்று. மணிக்கட்டில் ஒன்று. உள்ளங்கை போய் மகளின் உச்சந்தலையில் பதிந்து, மெல்ல அழுத்தத் தொடங்கியது.