பதினொன்று ஐந்துக்குக் கரண்ட் இல்லை

செத்துப்போனவரின் வலது கையில் ஒரு ஒயர் இருந்தது.

சிவப்பு ஒயர். முனையில் ரப்பர் உரிந்து, செம்பு வெளியே தெரிந்தது. தலை, தையல் மெஷினின் இரும்புக் காலை ஒட்டிக் கிடந்தது. தலைக்குக் கீழே ரத்தம்... வெட்டிப்போட்ட துணித்துண்டுகள் அதில் ஊறிப் போயிருந்தன.

தையல் கூடத்தின் முதலாளி. வயது நாற்பத்தெட்டு. வார விடுமுறையில் ஆட்கள் வரமாட்டார்கள், தனியாக உட்கார்ந்து முப்பது யூனிபார்ம் சட்டைகளை முடித்துவிடலாம் என்று காலையில் வந்தவர். பத்தொன்பதாவது சட்டை மெஷினிலேயே இருந்தது.

இன்ஸ்பெக்டர் மேடம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"முதல்ல பார்த்தது யாரு?"

"நான்தான் மேடம்."

சோலார் கடைக்காரன் முன்னால் வந்தான். செத்தவருக்கு மச்சான். மனைவியின் கூடப்பிறந்த தம்பி. இரண்டு தெரு தள்ளி கடை. கண் சிவந்திருந்தது. சட்டையும் கசங்கியிருந்தது.

"கரெக்டா பன்னெண்டு மணிக்கு வந்தேன். கதவு சும்மா சாத்தியிருந்துச்சு. தொறந்தா மாமா இப்படிக் கிடக்காரு. ஷாக் மேடம். தூக்கி அடிச்சதுல தலை இரும்புல மோதியிருக்கு."

"ஒயரிங் யாரோடது?"

"அந்த ப்யூஸ் பண்ண வேலை."

ப்யூஸ் என்பது எலக்ட்ரீஷியனின் பட்டப்பெயர். கை சுத்தம், வாய் மோசம். லேசாக உரசினால் போதும், பட்டென்று போய்விடுவான். மூன்று மாதத்துக்கு முன் இந்தக் கூடத்தின் மொட்டை மாடியில் நாலு பேனல் ஏற்றி ஒயர் இழுத்தவன் அவன்தான்.

"கூட்டிட்டு வாங்க அவனை" என்றார் இன்ஸ்பெக்டர்.

அரை மணி நேரத்தில் கான்ஸ்டபிள் அவனைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் டெஸ்டர், தலையில் சுண்ணாம்புத் தூள். உடம்பைப் பார்த்ததும் அவன் வாய் ஒருமுறை திறந்து மூடியது.

அப்போதுதான் அவள் வந்தாள்.

செத்தவரின் மனைவி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூட்டி உடுப்பிலேயே ஓடி வந்திருந்தாள். கணவனின் அருகில் மண்டியிட்டு, கழுத்தில் இரண்டு விரல் வைத்துப் பார்த்தாள். தெரியும். தெரிந்தும் வைத்துப் பார்த்தாள். 

பிறகு எழுந்தாள். நேராக ப்யூஸிடம் போனாள்.

பளார்.

"கொன்னுட்டியேடா பாவி."

"நான் என்னக்கா பண்ணேன்?"

"அக்கான்னு கூப்பிடாத. நாக்கை இழுத்து வெச்சு அறுத்துடுவேன்."

"மேடம், இவனுக்கும் மாமாவுக்கும் பெரிய சண்டை" என்றான் தம்பி, அக்காவின் தோளைப் பிடித்தபடி. "பக்கத்துக் கடைல கேளுங்க."

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரி, கேட்பதற்கு முன்பே வாசலில் நின்றாள். இந்த மாதிரி விஷயத்தில் அவளுக்கு அழைப்பு தேவையில்லை.

"ஆமாங்க. மூணு மாசம் முன்னாடி நடுத்தெருவுல ரெண்டு பேரும் ஒரே ரகளை. இந்தாளு சொன்னான், 'ஒருநாள் வாயைப் பொளந்துட்டு நிப்ப, அன்னிக்கு என்னைத் தேடாத'ன்னு. என் காதால கேட்டேன்."

"சொன்னியா?"

"சொன்னேன்" என்றான் ப்யூஸ். "மேடம், எதுக்குச் சண்டைன்னு கேளுங்க. இன்வெர்ட்டருக்குத்தான். நான் சொன்னது நடுத்தர விலைப் பெட்டி. பேட்டரியோட ஓடுறது. கரண்ட் போனாலும் ரெண்டு மெஷின் தாங்கும். அவருக்கு விலை ஜாஸ்தியாப் பட்டுச்சு. இதோ நிக்கிறாரே மச்சான், பேட்டரி இல்லாத பெட்டியைப் பாதி விலைக்குத் தரேன்னு தலையில கட்டிட்டாரு. வேணாம், கரண்ட் போனா கழுத்தறுக்கும்னு கத்தினேன். என்னைக் கமிஷன் பேய்னு திட்டினாரு. அதுக்குத்தான் சொன்னேன்."

"உன் கதை அப்புறம். இன்னிக்குக் காலைல என்ன கேட்டுச்சு?" இன்ஸ்பெக்டர் ஜெராக்ஸ் கடைக்காரி பக்கம் திரும்பினார்.

"பதினொண்ணு அஞ்சுக்கு 'ஐயோ'ன்னு ஒரு சத்தம். அப்புறம் தடால்னு ஏதோ விழுந்துச்சு. செவுத்தைத் தட்டி 'என்ன அண்ணாச்சி'ன்னு கேட்டேன். பதில் இல்ல. ஊசி கையில ஏறியிருக்கும்னு விட்டுட்டேன்."

"டைம் எப்படி அவ்வளவு கரெக்டா சொல்றே?"

"கரண்ட் எப்போ வரும்னு கடிகாரத்தையேதாங்க பார்த்துட்டு இருந்தேன். பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் கட் பண்ணுவோம்னு நேத்தே சொல்லிட்டாங்களே. ஜெராக்ஸ் மெஷின் நின்னா எனக்கு வேற என்ன வேலை?"

ப்யூஸின் தலை சட்டென்று நிமிர்ந்தது.

"என்ன சொன்னீங்க? பதினொண்ணு அஞ்சா?"

"ஆமா."

"அப்போ லைன்ல கரண்ட் இல்ல?"

"தெருவுக்கே இல்ல."

ப்யூஸ் சிரித்தான். பிணத்துக்கு முன்னால் சிரிக்கிறோம் என்பதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. ஜெயில் வாசல் வரை போய்த் திரும்பியவனின் சிரிப்பு அது.

"மேடம், பேட்டரி இல்லாத பெட்டி லைனை நம்பித்தான் ஓடும். லைன் செத்தா அதே நொடி தானும் நின்னுடும். மேல எவ்வளவு வெயில் அடிச்சாலும் சரி. கம்பெனிக்காரன் அப்படித்தான் செஞ்சிருக்கான். இல்லேன்னா நம்ம கரண்ட் கம்பத்துக்கு ஏறி, மேல வேலை செய்றவனைக் கொன்னுடும். பதினொண்ணு அஞ்சுக்கு இந்த ரூம்ல ஒரு பல்பு எரியிற அளவுக்குக்கூட கரண்ட் கிடையாது. இவரு ஷாக்ல சாகவே இல்ல."



இன்ஸ்பெக்டர் மெதுவாகத் தம்பியைப் பார்த்தார். தம்பி பதறவில்லை. பெருமூச்சு விட்டான். பரிதாபமாகத் தலையை ஆட்டினான்.

"மேடம், அந்தப் பெட்டி இப்ப இங்க இல்ல. நீங்களே வந்து பாருங்க."

மாடிப்படிக்குக் கீழே உள்ள சுவருக்கு எல்லோரையும் அழைத்துப் போனான்.

சுவரில் ஒரு புத்தம் புதிய இன்வெர்ட்டர்! கீழே தரையில் கனமான பேட்டரி. பச்சை விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது.

ப்யூஸின் முகம் வெளுத்தது.

"போன வெள்ளிக்கிழமையே மாத்திட்டேன். மாமாதான் கேட்டாரு. பழசு கரண்ட் போனா நிக்குதுன்னு திட்டினாரு. சரின்னு இதைப் போட்டுக் குடுத்தேன். செலவு பண்ணது தெரிஞ்சா அக்கா திட்டும், சொல்லாதேன்னாரு." தம்பியின் குரல் உடைந்தது. "நல்லது பண்றேன்னு நெனச்சேன் மேடம். பெட்டி ஓடிச்சு. இவன் ஒயரிங்தான் கொன்னுடுச்சு."

"இது கரண்ட் போனாலும் ஓடுமா?" இன்ஸ்பெக்டர் ப்யூஸிடம் கேட்டார்.

"...ஓடும்."

"மெஷின்ல ஷாக் அடிக்கிற அளவுக்குக் கரண்ட் வருமா?"

"வரும்."

"அப்ப நட. லைசென்ஸைக் குடுத்துடு. இனிமே உனக்கு அது தேவைப்படாது."

கான்ஸ்டபிள் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். ப்யூஸுக்கு இரண்டு பிள்ளைகள். டெஸ்டரைத் தவிர வேறு எதையும் பிடிக்கத் தெரியாத கை. ஒயரிங்கால் ஆள் செத்தான் என்று ஒரு பேர் வந்தால் போதும், இந்த ஊரில் ஒருத்தனும் ஒரு சுவிட்சு மாற்றக்கூடக் கூப்பிடமாட்டான். பயந்தான். வெளிப்படையாகவே பயந்தான்.

வாசல்படி வரை போனவன் நின்றான்.

"மேடம். ஒரே ஒரு கேள்வி."

"வண்டில கேளு."

"வண்டில கேட்டா பதில் சொல்ல அந்த அக்கா இருக்க மாட்டாங்க."

அவள் எரித்துவிடுவது போலப் பார்த்தாள். "என்னடா?"

"உங்க போன்ல வாரன்ட்டி மெசேஜ் வந்துச்சா?"

"என்ன உளர்றே?"

"எந்தப் பெட்டி போட்டாலும் கடைக்காரன் செவுத்துக்கு முன்னாடி நின்னே கம்பெனில பதிவு பண்ணிடுவான். பதிவு பண்ணாத்தான் அவனுக்குப் பாயின்ட். பாயின்ட் சேர்ந்தா வெளிநாட்டு டூர். கடைசி ஸ்க்ரூவை முறுக்கின கை அடுத்து போனைத்தான் எடுக்கும். எனக்குத் தெரிஞ்சு ஒருத்தன்கூட மறந்ததில்ல. பழைய பெட்டிக்கு யாரு நம்பர் குடுத்தாங்க?"

"என் நம்பர்தான்" என்றாள் அவள். "அவருக்கு மெசேஜ் பார்க்கத் தெரியாது."

"அப்ப புதுசுக்கும் உங்க நம்பருக்குத்தான் வந்திருக்கும். வெள்ளிக்கிழமை வந்திருக்கான்னு பாருங்க. வந்திருந்தா நானே போய் ஜீப்புல ஏறிக்கிறேன்."

"அக்கா, இவன் பேச்சைக் கேட்டுட்டு..." தம்பி கையை நீட்டினான். "போனைக் குடு. நான் பார்க்கிறேன்."

"உன்கிட்ட எதுக்குடா குடுக்கணும்?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் நீட்டிய கை திரும்பிப் போகவில்லை. அதைப் பார்த்தாள். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

டூட்டி நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது ஆஸ்பத்திரி சட்டம். தம்பி ஆஸ்பத்திரி நம்பருக்குக் கூப்பிட்டுத்தான் தகவல் சொல்லியிருந்தான். ஓடி வரும் அவசரத்தில் போனைப் பைக்குள் போட்டதோடு சரி, அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இப்போது திறந்தாள்.

வெள்ளிக்கிழமை ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு நேற்று வரையிலும் இல்லை.

இன்று...

"வந்திருக்கு" என்றாள் மெதுவாக. "இன்னிக்குத்தான். பதினொண்ணு நாப்பத்திரண்டுக்கு."

"அது... வெள்ளிக்கிழமை மறந்துட்டேன்க்கா. இன்னிக்குக் கடைல உட்கார்ந்து பதிவு பண்ணேன். இதெல்லாம் ஒரு விஷயமா?"

"கடைல உட்கார்ந்தா?" ப்யூஸ் கேட்டான். "செவுத்துல மாட்டின பெட்டியை அங்கேயே போட்டோ எடுத்து அனுப்பினாத்தான் கம்பெனி ஏத்துக்கும். அக்கா, கீழ ஒரு லிங்க் இருக்கும். அழுத்துங்க."

அழுத்தினாள்.

வாரன்ட்டி அட்டை விரிந்தது. பெட்டியின் நம்பர். அவள் பெயர். இன்றைய தேதி, நேரம். அதற்குக் கீழே போட்டோ. மாடிப்படி, சுவர், புதுப் பெட்டி, பேட்டரி. எல்லாம் சரியாக இருந்தது.

இடது ஓரத்தில், கதவுக்கு அந்தப் பக்கம் தெரிந்த கூடத்தின் தரையில்... ஒரு கால்.

செருப்பில்லாத கால். குதிகாலில் பிளாஸ்திரி. நேற்று அவள் கையால் ஒட்டிய பிளாஸ்திரி.

அவள் கத்தவில்லை. போனை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

"பன்னெண்டு மணிக்குத்தான் வந்தேன்னு சொன்னானே மேடம். பதினொண்ணு நாப்பத்திரண்டுக்கு என் புருஷன் செத்துக் கிடக்கும்போது இவன் போட்டோ எடுத்துட்டு இருந்திருக்கான்."

"அக்கா..."

"கூப்பிடாதடா அப்படி."

தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தான்.

"தள்ளினேன்க்கா. அவ்வளவுதான். கரண்ட் போச்சு, மெஷின் நின்னுடுச்சு, உடனே வாடான்னு கூப்பிட்டாரு. வந்தா ஏமாத்துக்காரன், கூடப்பிறந்தவ குடும்பத்துலயே திருடுறவன்னு, பக்கத்துக்குக் கேட்காம அடிக்குரல்ல வாய்க்கு வந்தபடி... சட்டையைப் பிடிச்சாரு. தள்ளினேன். தலை போய் மோதிடுச்சு. ஷாக்குன்னு சொல்லிடலாம்னு ஒயரை உரிச்சு கையில வெச்சேன். ஆனா விழுந்த சத்தம் கேட்டு அப்பவே இந்தம்மா செவுத்தைத் தட்டியிருந்தாங்க, நேரத்தைச் சொல்லிடுவாங்க. அந்த நேரத்துல கரண்ட் இல்லைன்னு அப்பதான் உறைச்சது. பின்பக்கமாப் போய், வேற இடத்துல மாட்டுறதுக்காக வண்டில இருந்த புதுப் பெட்டியையும் பேட்டரியையும் எடுத்து மாட்டினேன்."

"பெட்டியை மாட்டினது சரி" என்றார் இன்ஸ்பெக்டர். "பதிவு எதுக்குடா பண்ணே?"

அவன் தன் வலது கையைப் பார்த்தான்.

"தெரியல மேடம். ஸ்க்ரூவை முறுக்கினேன்... கை தன்னால போச்சு. இந்த மாசம் டூருக்கு இன்னும் ஒரு பெட்டிதான் பாக்கி."

அவள் அருகில் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று அவன் முகத்தை மூடிக்கொண்டான். அடிக்கவில்லை.

"தலையில அடிபட்டா எத்தனை பேர் பொழைச்சிருக்காங்க தெரியுமாடா? நான் பார்த்திருக்கேன். விழுந்ததும் என்னைக் கூப்பிட்டிருக்கலாமே. ஸ்க்ரூ முறுக்குன நேரத்துல ஆம்புலன்ஸ் வந்திருக்குமே."

அவன் விம்மினான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போய்க் கணவனின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஒயரை எடுத்தாள்.

தம்பியை ஜீப்பில் ஏற்றினார்கள். அவன் வண்டியின் பின்சீட்டில், சாக்குப் பைக்குள் பழைய இன்வெர்ட்டர் அகப்பட்டது.

ப்யூஸ் வாசலில் நின்று கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தான். நல்ல அறை. மன்னிப்பு கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த அம்மாளிடம் அதை எதிர்பார்க்கிற அளவுக்கு அவனும் மோசமானவன் இல்லை.

ஜீப்பில் ஏறப் போன இன்ஸ்பெக்டர் தயங்கித் திரும்பினார்.

"ஏய், ப்யூஸ்."

"சொல்லுங்க மேடம்."

"எங்க வீட்டு மாடியிலயும் நாலு பேனல் போடலாம்னு இருக்கேன். இன்வெர்ட்டர்தான் எது வாங்குறதுன்னு ஒரே குழப்பம். விலையும் கட்டுப்படியாகணும், உழைக்கவும் செய்யணும்."

"பேட்டரியோட ஓடுறதாப் பார்த்து, எந்தக் கம்பெனியா இருந்தாலும் வாங்குங்க மேடம்" என்றான் ப்யூஸ். "சொந்தக்காரன் கடைல மட்டும் வாங்காதீங்க."