இழுக்கிற வண்டியும் நிற்கிற வண்டியும்

தஸ்நேவிஸ் தன் மூன்று டன் படகை இடது கையால் தள்ளிக்கொண்டு, வலது கையில் டீ கிளாஸைப் பிடித்தபடி கடற்கரைச் சாலையில் வந்தான். தூத்துக்குடியில் யாரும் அதை வேடிக்கை பார்க்கவில்லை. எதிரே பக்கத்து வீட்டுக் கார்மேல் தன் படகைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தான். அவனுக்குக் கை ஒழியவில்லை, செல்பேசியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான்.

எடைநீக்கி வந்து, பெரிய புயல் வராத இரண்டு மழைக்காலம் முடிந்திருந்தது. படகின் அடியில் இரண்டு பக்கமும் முறத்தளவு தகடுகளை முடுக்கிப் பொத்தானை அழுத்தினால் போதும், தகட்டுக்கு மேலே உள்ள எதையும் பூமி இழுக்காது. முழுக்க இழுக்காமல் விட்டால் படகு காற்றில் எழும்பிவிடும் என்பதால், ஒரு மூட்டை அரிசி அளவுக்கு எடையை மட்டும் மிச்சம் வைப்பார்கள். மீதி எடை எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. போனது போதும் என்றிருந்தது.

அதற்கு முன்னால் பட்ட பாடு அப்படி. கடல் ஏறி ஏறித் துறைமுகச் சுவரை விழுங்கிய பிறகு, புயல் எச்சரிக்கை வந்தாலே படகுகளை உப்பளங்களைத் தாண்டி உள்ளே இருக்கும் புயல்மேட்டுக்கு இழுத்துப் போயாக வேண்டும். எந்தப் படகுக்கு எந்த வண்டி, அதன் கொக்கி தாங்குமா, ஏற்றத்தில் மூச்சு வாங்குமா என்று மகளுக்கு மாப்பிள்ளை தேடுவதைவிட அதிகமாக அலசுவார்கள். எடைநீக்கி வந்ததும் அந்தப் பேச்செல்லாம் ஒரே நாளில் நின்றது. இப்போது ஊரெங்கும் தும்பிதான். மூன்று சக்கரம், ஒரு இருக்கை, ஒரு கொக்கி. இரண்டு பேர் சேர்ந்தால் தும்பியைத் தூக்கி மொட்டைமாடியில் வைத்துவிடலாம்.

தும்பி இல்லாமல் மிஞ்சிய சில வீடுகளில் தஸ்நேவிஸ் வீடும் ஒன்று. அவன் மனைவி பெர்ப்பெத்துவா உப்பு லாரி ஓட்டுகிறவள். வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த மின்லாரி ஒன்பது டன்.

"இந்தப் பாரத்தைக் கட்டிக்கிட்டு என்னட்டி செய்ய? வித்துட்டு ஆளுக்கொரு தும்பி வாங்குவோம்" என்றான் தஸ்நேவிஸ், படகை வாசலில் நிறுத்திவிட்டு. நிறுத்துவதற்காக அவன் தெருமுனையிலிருந்தே குதிகாலை ஊன்றிக்கொண்டு வந்ததை அவனே கவனிக்கவில்லை.

பெர்ப்பெத்துவா கவனித்தாள். அவர்களுடைய முதல் படகு, லாரி வாங்குவதற்கு முன்னால், வாடகை வண்டி வந்து சேராததால் ஒரு புயலில் அலைச்சுவரில் மோதித் தூள்தூளானது. இரண்டாவது படகு போனால் மூன்றாவது கிடையாது. பிழைப்புக்கு ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான். ஆகவே வண்டி விஷயத்தில் அவள் யார் சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.

"வாங்குவோம். ஆனா, படகைக் கட்டி இழுக்கச் சொல்லிப் பாத்துட்டுத்தான் வாங்கணும்" என்றாள்.

தும்பி விற்பனைக்கூடம் முழுக்கக் கண்ணாடி. விற்பனையாளன் ஜெபசிங் கழுத்துப்பட்டை கட்டியிருந்தான். அவர்கள் கொண்டுவந்த படகைத் தும்பியின் கொக்கியில் மாட்டி, முன்வாசலில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"ஒத்த விரல் மேடம். ஒத்த விரல்ல முறுக்குனா மூணு டன் பின்னாலயே வருது பாருங்க."

"வருது. இன்னும் கொஞ்சம் வேகமா வந்து, இந்த வெள்ளைக் கோட்டுல நிறுத்துங்க தம்பி."

ஜெபசிங் சிரித்துக்கொண்டே வந்தான். கோட்டில் பிரேக்கைப் பிடித்தான். தும்பி நிற்கப் பார்த்தது, படகு நிற்கவில்லை. அவசரப்படாமல், நிதானமாக, தும்பியையும் ஜெபசிங்கையும் வாசலில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியையும் முன்னே தள்ளிக்கொண்டு, கண்ணாடியை உடைத்து உள்ளே வந்து, மேசைக்குப் பக்கத்தில் ஓய்ந்தது.

போயிருந்தது பூமியின் இழுப்பு மட்டும்தான். மூன்று டன் மரமும் இரும்பும் மூன்று டன் மரமும் இரும்புமாகவே இருந்தன. அதைக் கிளப்ப எவ்வளவு தள்ளினோமோ, நிறுத்தவும் அவ்வளவு மல்லுக்கட்ட வேண்டும். படகைத் தாங்கும் தள்ளுவண்டியின் சக்கரங்களுக்குப் பிரேக் வைத்தும் பயனில்லை. எடையில்லாத சக்கரம் தரையைப் பற்றாமல் வழுக்கும். ஆகவே நிறுத்துகிற வேலை மொத்தமும் முன்னால் இழுக்கிற வண்டியின் தலையில்தான் விழும். அந்த வண்டி கனமாக இருந்தால் தரையைக் கவ்வி நிற்கும். தும்பியாக இருந்தால் கண்ணாடிக்குள் போகும்.

ஜெபசிங் கண்ணாடித் தூளைத் தட்டிக்கொண்டு எழுந்தான். பெரிய அடி ஒன்றும் இல்லை. விற்பனையாளன் என்பதால் நம்பிக்கைக்கும் அடிபடவில்லை.

"மெதுவா ஓட்டுனா ஒண்ணும் ஆகாது மேடம். நல்லா இழுக்குமான்னுதான எல்லாரும் கேப்பாக? நிறுத்துறதுக்குன்னு யாராவது வண்டி வாங்குவாகளா?"

"நான் வாங்குவேன். வாங்கி வீட்டு வாசல்லயும் நிறுத்தியிருக்கேன்" என்றாள் பெர்ப்பெத்துவா.

அத்தனையையும் நின்று பார்த்த கூட்டத்திலிருந்து அன்று மாலைக்குள் மூன்று பேர் தும்பி வாங்கினார்கள். அதில் ஒருவன் கார்மேல். மெதுவாக ஓட்டினால் ஒன்றும் ஆகாதாம்.

உண்மையில் ஒன்றும் ஆகவில்லை, ஐப்பசி வரைக்கும்.

ஐப்பசியில் புயல் எச்சரிக்கை வந்தது. காலையிலேயே ஊர் மொத்தமும் சாலைக்கு வந்துவிட்டது. எடை இல்லாத படகில் எதை ஏற்றினால் என்ன? வலை, ஐஸ் பெட்டி, பீரோ, குளிர்பதனப்பெட்டி, கட்டில் என்று ஒவ்வொரு படகும் ஒரு வீட்டைச் சுமந்தது. படகைத் தாங்கும் தள்ளுவண்டிகளையும் இப்போது சைக்கிள் சக்கரத்தில்தான் செய்தார்கள். இல்லாத எடைக்கு எதற்கு லாரி டயர்? தஸ்நேவிஸ் தெருவில் பாதி பேருடைய பீரோக்களைத் தன் படகில் அடுக்கியிருந்தான். அதைக் கட்டி முடிப்பதற்குள் ஊர் கிளம்பிவிட்டது. பெர்ப்பெத்துவாவின் லாரிதான் கடைசி.

உப்பளச் சாலையில் ஒரு மரம் கிடையாது. இரண்டு பக்கமும் பாத்தி, நடுவே தார்ச்சாலை. காற்று கடலிலிருந்து நேராகக் குறுக்கே அடித்தது. லாரி திருப்பத்தைக் கடந்ததும் பெர்ப்பெத்துவா பார்த்த காட்சியை அவள் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். படகுகள் எல்லாம் சாலைக்குக் குறுக்கே திரும்பிக் காற்றில் வாலை ஆட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் மூக்கிலும் ஒரு தும்பி தொங்கியது. ஒரு தும்பி தரையில் இல்லவே இல்லை.

கார்மேல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சறுக்கிக்கொண்டிருந்தான். "மைனி! நிக்க மாட்டேங்குது மைனி!"

"எடைநீக்கியை அணைச்சிருல! படகு தன்னால உக்காரும்!"

அவன் பொத்தானை அழுத்தி அணைத்தான். மூன்று டன் படகும் ஒரு டன் வீடும் ஒரே நொடியில் திரும்பி வந்தன. சைக்கிள் சக்கரங்கள் அப்பளமாக நொறுங்கின. படகு தார்ச்சாலையில் பட்டென்று உட்கார்ந்தது. இனி காற்று அதை அசைக்காது, வேறு எதுவும் அசைக்காது. பாத்திகளில் கடல்நீர் ஏற ஆரம்பித்திருந்தது. மத்தியானத்துக்குள் அந்தச் சாலையே கடலுக்குள் போய்விடும்.

பெர்ப்பெத்துவா லாரியை நிறுத்தி இறங்கினாள். இறங்கியவள் தன் லாரியின் பின்பக்கமும் ஓரத்துக்கு நகர்வதைப் பார்த்தாள். அவளுடைய படகு அதையும் இழுத்துக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துவிட்டு, வெறும் லாரியைக் கொண்டுவந்திருக்கிறோமே என்று தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

சாலையோரம் தார்ப்பாய் போர்த்திய உப்பு மூட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன.

"எல்லாரும் இங்கிட்டு வாங்க! உப்பை லாரியில ஏத்துங்க! உங்க படகையெல்லாம் நான் இழுக்கேன்!"

"ஏட்டி, நம்ம படகு?" என்றான் தஸ்நேவிஸ். "இத்தனையையும் கட்டி லாரி சறுக்கிச்சுன்னா நம்மளதும் சேந்து போகும். நாம மட்டும்னா போயிரலாம்."

அவன் சொன்னது சரிதான். ஒரே படகென்றால் உப்பு ஏற்றிய லாரி தப்பாமல் போய்ச் சேரும். பெர்ப்பெத்துவாவுக்கு முதல் படகின் பலகைகள் மிதந்து வந்த காட்சி நினைவில் வந்தது. ஆனால் கார்மேல் அழுதுகொண்டிருந்தான்.

"பீரோவையெல்லாம் வெளிய எறிங்க. எறிஞ்சா அந்தப் பாரத்துக்கு இன்னொரு படகை லாரி தாங்கும்" என்றாள் அவள்.

பீரோக்கள் பாத்தியில் விழுந்தன. குளிர்பதனப்பெட்டிகள் விழுந்தன. சொந்தக்காரர்களே எறிந்தார்கள். உப்பு மூட்டைகள் ஏற ஏற லாரியின் வில்பட்டைகள் வளைந்து, டயர்கள் பிதுங்கித் தார்ச்சாலையைக் கவ்விக்கொண்டன. கார்மேலின் படகுக்கு மறுபடி எடைநீக்கியைப் போட்டுக் கைகளாலேயே தூக்கி வந்தார்கள். ஒன்றன் பின் ஒன்றாகப் பதினொரு படகுகளைக் கட்டி, தும்பிகளைத் தூக்கிப் படகுகளுக்குள் போட்டார்கள். பெர்ப்பெத்துவா ஆள் நடையைவிட மெதுவாகக் கிளம்பினாள்.

காற்று அந்த வரிசையைப் பாத்திப் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தது. லாரி சறுக்கவில்லை. புயல்மேட்டின் வாசல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அவள் பிரேக்கைத் தொட்டாள். "இன்னும் அரை கிலோமீட்டர் கெடக்கேட்டி!" என்று தஸ்நேவிஸ் கத்தினான். அந்த அரை கிலோமீட்டரும் லாரிக்குத் தேவைப்பட்டது. பதினொரு படகுகளின் தள்ளலையும் முதுகில் வாங்கிக்கொண்டு, காவலாளி ஓடுவதா நிற்பதா என்று தவித்த அந்த வாசலுக்குச் சற்று முன்னால், உப்பு லாரி நின்றது.

பிறகு அவள் பேச்சுக்கு ஊரில் மறுபேச்சு இல்லை. படகுக்காரர் சங்கம் கூடி விதி போட்டது. பின்னால் வருகிற படகுகளின் நிஜமான எடை எவ்வளவோ, அதற்குக் குறையாத எடை முன்னால் இழுக்கிற வண்டிக்கு இருக்க வேண்டும். உப்பளச் சாலையின் முகப்பில் எடைமேடை வைத்தார்கள். தும்பிகளைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, எல்லாரும் பழைய லாரிகளைத் தேடித்தேடி வாங்கினார்கள். ஜெபசிங் இப்போது லாரி விற்றான். நிறுத்துவதற்காகவே வண்டி வாங்குங்கள் என்று பலகை எழுதி வைத்திருந்தான்.

அடுத்த ஐப்பசிப் புயலுக்கு ஊர் தயாராக இருந்தது. காலையில் எடைமேடையில் லாரிகள் உப்பு மூட்டையோடு வரிசையாக ஏறி இறங்கின. எல்லா வண்டியும் தேறியது. ஒரு காலத்தில் அதே ஓட்டுநர்கள் எடைமேடையில் பாரத்தைக் குறைத்துக் காட்டப் பாடுபட்டவர்கள். இப்போது கூட்டிக் காட்டிப் பெருமைப்பட்டார்கள். பெர்ப்பெத்துவாவுக்கு நெஞ்சு நிறைந்தது.

மேடையைத் தாண்டியதும் முன்னால் போன கார்மேல் ஓரமாக நிறுத்தினான். அவனுக்கு முன்னால் இருந்தவர்களும் நிறுத்தியிருந்தார்கள்.

"எல்லாரும் கயிறு பாக்காக. நானும் ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்" என்று தஸ்நேவிஸ் இறங்கிப் போய், சட்டையில் மண்ணோடு திரும்பி வந்தான்.

கிளம்பியபோது லாரி அருமையாக ஓடியது. உப்பும் பின்னால் கட்டிய மூன்று படகுகளும் இருக்கிற நினைப்பே இல்லை. போன வாரம் மோட்டாரைப் பார்த்த மெக்கானிக்கை அவள் மனதுக்குள் பாராட்டினாள். முன்னால் கார்மேலின் லாரியும் துள்ளிக்கொண்டு போனது. துள்ளுகிறதே என்று அவள் உற்றுப் பார்த்தாள். அத்தனை மூட்டை ஏற்றியும் அதன் டயர்கள் பிதுங்கவில்லை. லாரிக்கு அடியில், இரண்டு பக்கமும், முறத்தளவு தகடுகள்.

"கிறுக்குப்பயல்! லாரிக்கே எடைநீக்கி போட்டிருக்கான்!" ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினாள். "ஏலே கார்மேல்! என்னல இது?"

"சார்ஜ் மிச்சம் மைனி!" காற்றில் அவன் குரல் சந்தோஷமாக வந்தது. "உப்பையும் சேத்து இழுக்க பேட்டரி தாங்க மாட்டேங்குது! அதாம் எடைமேடையைத் தாண்டியாச்சுல்லா!"

பெர்ப்பெத்துவா உள்ளே திரும்பினாள். தஸ்நேவிஸ் தீவிரமாக உப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சட்டையில் இருந்த மண்ணை அவள் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள்.

"இங்கேருங்க. நம்ம வண்டியிலயுமா?"

அவன் சட்டை மண்ணைத் தட்டிவிட்டான். புயல்மேட்டின் வாசல் தூரத்தில் தெரிந்தது. முன்னால் போன லாரிகள் ஒவ்வொன்றாகப் பின்விளக்கை எரியவிட்டன. எதுவும் வேகம் குறையவில்லை. அவள் பிரேக்கை முழுக்க மிதித்தாள். சக்கரங்கள் நின்றன. உப்பளம் முன்போலவே பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று படகுகளும் பின்னாலிருந்து லாரியை மெல்ல நெட்டின.

"பொத்தானு எங்க இருக்கு? அமுத்துங்க! சீக்கிரம்!"

"வண்டிக்கு அடியிலட்டி" என்றான் தஸ்நேவிஸ். "நின்னதும் இறங்கி அமுத்திருதேன்."