எட்டடிக்கு எட்டடி ஊர்

குடியரசு தினத்தன்று காலை எட்டரை மணிக்குச் சமுதாயக் கூடத்தைத் திறந்தபோது ஊரைக் காணவில்லை.

நிஜ ஊர் இருந்தது. உத்திரமேரூருக்குத் தெற்கே, நேற்று இருந்த அதே இடத்தில், அதே பள்ளங்களோடு பத்திரமாக இருந்தது. காணாமல் போனது அதன் மாதிரி. ஒட்டுப்பலகை மேல் தெர்மாகோலில் செய்த, எட்டடிக்கு எட்டடி ஊர். அதைத் தாங்கிய இரண்டு பெஞ்சுகள் மட்டும் எதையும் தாங்காமல் நின்றன.

ஜெனிஃபர் வாசலிலேயே நின்றுவிட்டாள். கட்டடக் கலை நான்காம் ஆண்டு. அந்த ஊர்க் காலனிப் பெண். அடுத்த மாதப் போட்டிக்குக் கல்லூரி கொடுத்த தலைப்பு ‘இணைந்த சமூகங்கள்’. மற்றவர்கள் சமர்த்தாகப் பூங்கா வரைந்தார்கள். அவள், காலனியிலிருந்து ஊருக்குப் போன பழைய வண்டிப் பாதையை வரைந்தாள். பொதுப் பாதைதான். ஆனால் அதன்மேல் ஊராட்சித் துணைத்தலைவர் மோகனுடைய முள்வேலி ஏறி உட்கார்ந்து வெகு காலம் ஆயிற்று. பேருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் காலனிக்காரர்கள் ஏரியைச் சுற்றித்தான் நடக்கிறார்கள். பத்து மணிக்குக் கிராம சபை. ஒன்றியப் பொறியாளர் பரிமளா முன்னால் மாதிரியைக் காட்டித் தீர்மானம் போட்டால், பாதை இந்த வருட வேலைகளில் சேரும். காட்டாவிட்டால் வேலிக்கு இன்னொரு வயது கூடும்.

“பூட்டு அப்பிடியே கீது, ஜன்னல் கம்பியும் அப்பிடியே கீது,” என்றார் மோகன். கூடத்துச் சாவி அவரிடம்தான். “ராவெல்லாம் சாவி என் தலகாணிக்கடியில. உங்க காலனிப் பசங்க எவனோ கள்ளச்சாவி போட்டுத் தூக்கிக்கினு போயிருக்கான். பலகை நல்ல பலகையாச்சே.”

“எங்க பசங்களுக்குப் பலகை எதுக்குப்பா? அதுல படுத்துக்கினு உன் வேலிய வேடிக்கை பாக்கவா?” என்றார் ஜெனிஃபரின் அப்பா தானியேல்.

“யோவ், பேஜார் பண்ணாத. ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டேன்னு வெச்சுக்கோ...”

“போடு. நானும் கேக்கணும்னு கீறேன். அந்தப் பாதைய எவன் தூக்கிக்கினு போனான்னு.”

பேராசிரியர் ஸ்ரீகாந்த் இருவருக்கும் நடுவில் புகுந்தார். மாணவர்களை அழைத்து வந்தவர். முந்தின இரவு தங்கியது மோகன் வீட்டு மாடியில். மோகன் கட்டப்போகும் பண்ணை விடுதிக்கு வரைபடம் போடுவதும் அவர்தான். “போலீஸெல்லாம் வேண்டாம். ஜெனிஃபர், எமோஷனல் ஆகாதே. லேப்டாப்பில் என்னோட ‘இரு பூங்கா’ டிசைன் இருக்கு. ஊருக்கு ஒண்ணு, காலனிக்கு ஒண்ணு. இன்னிக்கு அதைக் காட்டிடலாம். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.”

“ரெண்டையும் எது சார் இணைக்குது?”

“ஒரே மாதிரி பெயிண்ட்.”

தோழி பிரபா வேலியோரம், வைக்கோல் போர், கிணற்றடி எல்லாம் தேடிவிட்டு மூச்சு வாங்க வந்தாள். “எங்கேயும் இல்லடி.”

காலை 9.20. ஜெனிஃபர் முந்தின மாலையை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தாள். கட்டடக் கலை மாணவர்கள் கதவை அளக்காமல் மாதிரி செய்வார்கள். அவளும் செய்தாள். வாசலில் நுழையாததால் நடுவே அறுத்து, உள்ளே கொண்டுவந்து, இரும்புப் பட்டையும் பசையும் போட்டு மறுபடி சேர்த்தார்கள். பசை அதோடு தீர்ந்துவிட்டது. நீல அக்ரிலிக் ஏரியை ஒட்டாமல் சும்மா வைத்துவிட்டு, “காலையில் ஒட்டிக்கலாம்” என்றார் சார். அப்போது கூடத்தில் இருந்தது மூன்றே பேர்: சார், பிரபா, ஜெனிஃபர். மோகன் பூட்டினார். பிரபா காலனியில் ஜெனிஃபர் வீட்டில்தான் படுத்தாள்.

ஜெனிஃபர் குனிந்து தரையைப் பார்த்தாள். நேற்று பிரபா கூட்டிய தரை, கூட்டியபடியே இருந்தது.

பிறகு நிமிர்ந்தாள். மேடையின் பின்பக்கத்தை அடைத்துக்கொண்டு பத்தடி உயர ஃபிளெக்ஸ். ‘ஆயிரம் ஆண்டுக்கு முன்பே குடவோலை கண்ட மண்ணில்’ என்று ஆரம்பித்து மோகனின் முகத்தில் முடிந்தது. முகத்தில் இடது கன்னம் லேசாக வீங்கியிருந்தது. பல்வலியிலும் மக்களுக்காகச் சிரிக்கிறவர் போல இருந்தார். நேற்று அதைக் கட்டும்போது ஏணியைப் பிடித்தவள் ஜெனிஃபர். நேற்று பல்வலி இல்லை.

அவள் வெளியே வந்து பந்தல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

“இன்னா பாப்பா, உக்காந்துட்ட?” என்றார் தானியேல்.

“ஜனம் வரட்டும்ப்பா.”

பத்து மணிக்குப் பரிமளா வந்தார். ஜனமும் கூடத்துக்குள் வந்தது. ஊர் இடது பக்கம், காலனி வலது பக்கம், நடுவில் யாரும் போட்டுவைக்காத ஒரு சந்து. மேடையில் மோகனும் பேராசிரியரும் பரிமளாவுக்கு இருபுறமும் அமர்ந்தார்கள். ஜெனிஃபர் ஏறினாள்.

“மேடம், எங்க மாதிரி திருடு போச்சுன்னு சொல்றாங்க. போகல. இந்த வாசல்ல அது நுழையாது. வெளிய போகணும்னா அறுக்கணும். தெர்மாகோலை அறுத்தா வெள்ளை உருண்டை மூணு நாளைக்குப் பறக்கும். தரையில ஒண்ணுகூட இல்ல. அதனால ஊர் உள்ளதான் இருக்கு.”

“உள்ள எங்க?” என்றார் பரிமளா.

“மோகன் அண்ணன் கன்னத்துல.”

சபை சிரிப்பதற்குள் அவள் கயிற்றை அவிழ்த்தாள். ஃபிளெக்ஸ் சரிந்தது. சுவரில் சாய்ந்து ஊர் நின்றது. கன்னத்தைக் குத்திக்கொண்டிருந்தது தெர்மாகோல் தண்ணீர்த் தொட்டி.

“பாத்தீங்களா, எவனோ காலனிப் பையன் விளையாட்டுக்கு...” என்று மோகன் எழுந்தார்.

“உக்காருங்கண்ணே, இன்னும் முடியல. மேடம், ஏரியப் பாருங்க.”

நீல ஏரியின் நான்கு மூலையிலும் காகித டேப் அழகாக ஒட்டியிருந்தது.

“ஏரிய நாங்க ஒட்டவே இல்ல. தெரியாதவன் பலகைய நிமித்தியிருந்தா அது வழுக்கி விழுந்து உடைஞ்சிருக்கும். நிமித்துனவருக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சவங்க மூணு பேர். பிரபாவும் நானும் எங்க வூட்ல படுத்திருந்தோம்.”

எல்லாக் கண்களும் ஸ்ரீகாந்த் மேல் விழுந்தன. அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

“சாருக்கு அதை உடைக்க மனசு வரல. அடுத்த மாசம் போட்டிக்கு வேணும். இன்னிக்கு மட்டும் மறைஞ்சா போதும். ஆனா தனியாத் தூக்க முடியாது, சாவியும் அவர்கிட்ட இல்ல. சாவி தலகாணிக்கடியில இருந்ததுன்னு அண்ணனே சொல்லிட்டாரு.” ஜெனிஃபர் சபையின் பக்கம் திரும்பினாள். “இணைந்த சமூகங்கள்னு ஆறு மாசமா படிக்கிறேன் மேடம். நிஜமா இணைஞ்சது இந்த ரெண்டு பேர்தான்.”

வலது பக்கம் முதலில் சிரித்தது. இடது பக்கத்தில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள், அப்புறம் பொத்தவில்லை.

“ஜெனிஃபர்,” என்றார் ஸ்ரீகாந்த், தாழ்ந்த குரலில். “உன் இன்டர்னல் மார்க் என் கையில இருக்கு.”

அவள் மைக்கை அவர் வாயருகே நீட்டினாள். “சத்தமாச் சொல்லுங்க சார். பின்னாடி கேக்கலையாம்.”

அவர் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பரிமளா பேனாவைத் திறந்தார். “சரி, பாதை எங்க இருக்கு? எனக்குத் தெரியலையே.”

எழுந்த மோகன் உட்காராமல், பலகையின் கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“அண்ணே,” என்றாள் ஜெனிஃபர், மைக்கிலேயே. “கொஞ்சம் நகருங்க. பாதை மேல நிக்கிறீங்க.”

சபை காத்திருந்தது. மோகன் நகர்ந்தார்.