அச்சுக்குழியில் ஏழு பேர்

காலை ஆறு மணிக்கு அமலோற்பவம் சிவப்பு விளக்கின் கீழ் கலவையைத் தொடங்கினாள். வேறு எந்த வெளிச்சமும் ஆலையின் கலவைக் கூடத்துக்குள் வரக் கூடாது. பிசினும் தண்ணீரும் கெட்டித் தயிர்போலத் திரளும்வரை கலக்கி, சாம்பல் நிறக் குறைகடத்தித் தூளைச் சேர்க்க வேண்டும். நீல விளக்கின் ஒளி பட்டதும் தூள் விழித்துக்கொள்ளும். ஒன்றரை நிமிடத்தில் பிசின் இறுகிப் பாலிமர் ஆகிவிடும். உள்ளே சிக்கிய நீர்த்துளிகள் காய்ந்து வெளியேறிய பிறகு கோடிக்கணக்கான நுண்துளைகள் மிஞ்சும். அதுதான் நீர்த்தாள். இரவெல்லாம் கடற்காற்றின் ஈரத்தைக் குடித்து, காலை வெயில் ஏறியதும் சொட்டவிடும்.

ஆழ்துளைக் கிணறுகளும் வற்றிப் பதினான்கு வருடங்கள் ஆகியிருந்தன. தூத்துக்குடியைச் சுற்றிய ஊர்களுக்கு நீர்த்தாளை விட்டால் வேறு தண்ணீர் இல்லை. ஒரு தாள் நாற்பது நாள் உழைக்கும். பிறகு துளைகளை உப்பு அடைத்துவிடும். எந்த ஊருக்கு எத்தனை தாள் என்று விநியோக அலுவலகம் பட்டியல் அனுப்பும். முத்துக்கரிசல் என்ற ஊரின் பெயர் மூன்று மாதமாக அதில் வரவில்லை. அமலோற்பவம் அதைக் கவனித்திருந்தாள். யாரிடமும் கேட்கவில்லை.

பகல் பதினொரு மணிக்கு ஒரு லாரி ஆலையின் வெளிக்கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்தது. ஏழு பேர் அரிவாளோடு இறங்கினார்கள். பொறுப்பாளர் இசக்கிராஜ், கலவையை ஊற்றி இறுகவைக்கும் அச்சுக்குழியின் விளிம்பில் நின்று அவர்களை மறித்தார். முன்னால் வந்தவன் பெயர் செல்லச்சாமி என்று பிறகுதான் தெரிந்தது.

"எங்க முத்துக்கரிசலுக்குத் தாள் வார வரைக்கும் தூள் எங்ககிட்ட இருக்கட்டும்" என்றான் அவன்.

மாவட்டத்துக்கு வந்த தூள் முழுவதையும் அன்று காலைதான் தொட்டியில் கலந்திருந்தார்கள். இசக்கிராஜ் அதைச் சொன்னார். யாரும் நம்பவில்லை. அவர் செல்லச்சாமியின் கையைப் பிடித்தபோது பின்னாலிருந்து ஒருவன் வீசிய அரிவாள் அவர் கழுத்தருகே ஆழமாக இறங்கியது. அவர் விழுந்தார். காலியாக இருந்த குழிக்குள் ரத்தம் ஒழுகியது. அவரைத் தாண்டி ஏழு பேரும் குழிக்குள் குதித்து, எதிர்ப்பக்கம் இருந்த கிடங்கை நோக்கி ஓடினார்கள்.

மேலே கண்ணாடி அறையில் அமலோற்பவம் இருந்தாள். தொட்டியின் பெரிய வால்வைத் திறந்தாள். மார்பளவு ஆழமுள்ள குழிக்குள் வெள்ளைக் கலவை இரைந்துகொண்டு பாய்ந்தது. வழுக்கலில் மூன்று பேர் விழுந்து முங்கினார்கள். அவர்கள் எழுவதற்குள் அவள் நீல விளக்கைப் போட்டாள்.

அவர்களைப் பிடித்துவைக்கத்தான் நினைத்ததாகப் பின்னால் விசாரணையில் சொன்னாள். அது முழு உண்மையா என்று அவளுக்கே தெரியாது.

இறுகும் பிசின் கொதிக்கும். நின்றிருந்த நால்வரும் மார்பு வெந்து அலறினார்கள். மேலே ஒரு சாண் கனத்துக்குத்தான் ஒளி போகும். அதற்குக் கீழே கலவை அப்படியே கிடக்கும். விழுந்த மூவரும் அங்கே இருந்தார்கள். துளைகளில் ஒரு நாள் வரைக்கும் நீர்தான் நிற்கும், காற்று போகாது என்பது ஒன்பது வருடமாகத் தாள் செய்பவளுக்குத் தெரியாதா? அவள் படியிறங்கி ஓடிவந்து, கிடந்த அரிவாளை எடுத்து அந்த வெள்ளைத் தரையை வெட்டத் தொடங்கினாள். அது தேங்காய் மட்டைபோல அரிவாளைக் கவ்வியது.

"இங்கன வெட்டுங்க" என்றான் செல்லச்சாமி. "என் தம்பி இங்கனதான் கெடக்கான். என் காலத் தட்டுதான்."

அவள் அங்கே வெட்டினாள். இரண்டு கையும் கிழிந்து ரத்தம் வந்தது. ஓட்டை விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவன் சொன்னான்.

"இப்பம் தட்டல."

அன்று மாலை நான்கு உடல்களை வெளியே எடுத்தார்கள், இசக்கிராஜையும் சேர்த்து. மீதி நால்வரையும் அறுத்து எடுத்துப் போலீஸ் கொண்டுபோனது. அடுத்த தூள் வர நாற்பது நாள் ஆகும் என்பதால், குழியில் இறுகியதையே சீவித் தாளாக்கச் சொல்லி அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. ரத்தம் கலந்த பகுதிகளைக் கழித்துவிட்டு அமலோற்பவமே சீவினாள். ஓர் இடத்தில் அடிப்பக்கம் ஐந்து விரலும் அழுந்திய பள்ளம் இருந்தது. அதையும் சீவினாள்.

புதுப் பட்டியலில் முத்துக்கரிசலுக்கு இரண்டு தாள் போட்டிருந்தது. விடுபட்டதற்கும் சேர்த்ததற்கும் காரணம் எழுதவில்லை.

ஆலை ஆட்கள் அங்கே தாளைக் கட்டிய மறுநாள் காலையில் அமலோற்பவம் தனியாகப் போனாள். மரச்சட்டத்தில் கட்டிய தாளுக்கு முன்னால் ஊரே குடங்களோடு காத்திருந்தது. செல்லச்சாமியின் தம்பி மனைவி மாடத்தி யார் என்று கேட்டு, அவளிடம் போய் நின்றாள். தான் ஆலையில் வேலை செய்கிறவள் என்றாள்.

"விளக்கப் போட்டது யாரு?" என்றாள் மாடத்தி.

"நாந்தான்."

"இந்தத் தாளு, அந்தக் குழியில உள்ளதா?"

"ஆமா."

மாடத்தி கையிலிருந்த எவர்சில்வர் குடத்தால் அவள் தலையில் அடித்தாள். இரண்டாவது அடியில் காது கிழிந்தது. அமலோற்பவம் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கையை உயர்த்தித் தடுக்கவில்லை. யாரும் விலக்க வரவில்லை. ஒரு பெண் அவள் முதுகில் உதைத்தாள். நான்காவது அடிக்குக் குடம் உயர்ந்தபோது வெயில் தாளின் மேல் விளிம்பைத் தொட்டது. காய்ந்த மண்ணில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

உதைத்தவளும் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அந்தப் பக்கம் ஓடினார்கள். மாடத்தி ஒரு கணம் ஓங்கிய குடத்தோடு நின்றாள். பிறகு அவளும் ஓடி, கூட்டத்தை இடித்துத் தள்ளி, நசுங்கிய அந்தக் குடத்தைத் தாளுக்கடியில் வைத்தாள்.

குடம் நிரம்ப முக்கால் மணி நேரம் ஆனது. மாடத்தி முதலில் தன் பிள்ளைகள் இரண்டுக்கும் கொடுத்தாள். கடைசியில், குடத்தின் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தானும் குடித்தாள்.