கதவில் நின்றுபோகும் விளையாட்டு

அவனை எல்லோரும் 'பழசு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒன்றும் கிழவன் இல்லை, முப்பத்திரண்டு வயதுதான். இருபது வருடத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர் விளையாட்டுகள் படம் உடைந்தோ பாதியில் நின்றோ மக்கர் பண்ணினால், அவற்றை மறுபடி ஓடவைப்பது அவன் தொழில். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அழித்துவிடச் சொல்லிக் கொடுத்த விளையாட்டைக்கூட ஒரு தடவையாவது சரியாக ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அழிப்பான். அந்தப் பாழாய்ப்போன பழக்கத்தை அன்று ஒரு நாளாவது அவன் வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கலாம்.

மத்தியானம் மூன்றரை மணிக்கு அந்த வீட்டுக்குப் போனான். கூப்பிட்டவள் தையல்காரி, நாற்பது வயது இருக்கும். மாடியில் ஒரே அறை. ஜன்னலோரம் தையல் மெஷின், மூலையில் கம்ப்யூட்டர். அதன் திரை ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. சிவப்புப் பென்சிலில், இடப்பக்கம் சாய்ந்த எழுத்தில், 'தொடாதே.'

"உங்க கையெழுத்தாக்கா?"

"எங்க வீட்டுக்காரரோடது. போய் ஏழு மாசம் ஆச்சு. இந்த நாற்காலியிலதான் உசிரு போச்சு. அந்தக் காகிதத்தைப் பிய்ச்சுப் போட இன்னும் எனக்குக் கை வரல."

அவள் கதவை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். பிறகு குரலை இறக்கிச் சொன்னாள். அவள் புருஷன் உயிரோடு இருந்தவரை தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வருவான். படியேறும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். மொத்தம் பதினாலு படி.

"இந்த ஏழு மாசமாத்தான் தம்பி நான் மனுஷியா மூச்சு விடுறேன். ஆனா ரெண்டு மாசமா, அஞ்சு மணியானா இது தானா எழுந்துக்குது. அவர் ஆடுற அதே ஆட்டம். யாரோ படியேறி வர்ற மாதிரி. மொதல்ல அஞ்சாவது படியிலயே நின்னு போயிடும். இப்ப பதினாலும் ஏறி, கதவு வரைக்கும் வந்துடுது."

"பிளக்கைப் பிடுங்கிப் பாத்தீங்களா?"

"பிடுங்கினாலும் வருது. பழைய சாமான்காரர் தூக்கிட்டுப் போனாரு. மறுநாளே வாசல்ல வச்சுட்டு, திரும்பிக்கூடப் பாக்காம போயிட்டாரு." அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "அழிச்சிடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"அழிச்சிடலாம்க்கா."

அவள் கீழே போனதும் அவன் விளையாட்டைத் திறந்தான். ஒரு வீட்டில் ஒளிந்திருப்பவர்களைத் தேடிப் பிடிக்கும் ஆட்டம். படம் திரையின் ஒரு மூலையில் உள்ளங்கை அளவுக்குத்தான் தெரிந்தது. சுவரெல்லாம் ஊதா, தரையெல்லாம் பச்சை. கீழே, இன்னும் பிடிபடாதவர்களின் கணக்கு ஒரு வரியில்: 'மிச்சம்: 1'. படிகள் முடிந்து ஒரு கதவு வந்தது. கைப்பிடி திரும்பியது. கதவு கிரீச்சிடத் தொடங்கி, அந்தச் சத்தம் கிர்... கிர்... கிர்... என்று ஒரே இடத்தில் திக்கித் திக்கி நின்றது. திரை செத்துப்போனது.

பழசுக்குக் கை அரித்தது. இதைவிட மோசமானதையெல்லாம் அவன் பார்த்தவன். நோட்டுப் புத்தகத்தை எடுத்தான். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவான், மாற்றியதற்கு நம்பர் போட்டு நீல மையில் எழுதிக்கொள்வான்.

முதலில் பழைய காலத்து மெஷினில் ஓடுவதுபோல் விளையாட்டை ஏமாற்றினான். இரண்டாவதாக நிறங்களின் எண்ணிக்கையைக் குறைத்தான். ஊதா போய், சுவருக்கு வெளிர் நீலம் வந்தது.

தான் ஏறி வந்த படிச்சுவரும் வெளிர் நீலம்தான் என்பது நினைவுக்கு வந்தது. உலகத்தில் நீலச் சுவருக்கா பஞ்சம் என்று தலையை உதறிக்கொண்டான்.

மூன்றாவதாகத் திரை அளவை மாற்றினான். படம் முழுதாக விரிந்தது. படிச்சுவரில் ஆள் உயரத்துக்கு ஓர் ஈரக்கறை தெரிந்தது. ஏறும்போது அவன் தோள் உரசிய அதே கறை.

எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் கதவுச் சத்தம் திக்குவது எதனால் என்று அதற்குள் பிடிபட்டிருந்தது. கை சும்மா இருக்கவில்லை. ஒலிக்காகக் கம்ப்யூட்டர் செய்யும் வேலையைக் குறைத்து, நாலாவது வரியையும் எழுதினான்.

தையல்காரி ஒரு டம்ளரில் தண்ணீரோடு மேலே வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். "அஞ்சாகப் போகுது. அழிச்சாச்சா?"

"ஒரே நிமிஷம்க்கா. ஒரு தடவை ஒழுங்கா ஓடிட்டா..."

அவன் எதையும் தொடவில்லை. விளையாட்டு தானாகத் திறந்தது.

ஒரு படி.

இரண்டு படி.

சத்தம் கணீரென்று கேட்டது. ஆனால் ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை.

அவள் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. பன்னிரண்டு. பதிமூன்று. பதினாலு.

திரையில் கைப்பிடி திரும்பியது. கதவு கிரீச்சிட்டது. இந்த முறை திக்கவில்லை.

உள்ளே ஓர் அறை. ஜன்னலோரம் தையல் மெஷின். மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு முதுகுகள். ஒரு முதுகு பெண்ணுடையது. அவள் கையில் டம்ளர் இருந்தது.

'மிச்சம்: 0.'

"என்ன பண்ணீங்க?" அவள் குரல் காற்றாக வந்தது.

"ஓ... ஓட வச்சேன்க்கா."

"அடப்பாவி! அது அங்க நின்னு போனதாலதானே நான் உசிரோட இருந்தேன்!"

அவன் பெட்டியைப் பிளந்து ஹார்ட் டிஸ்க்கைப் பிய்த்தெடுத்தான். திரை இருண்டது. இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். அவள் தாழ்ப்பாள் போட்ட கதவு அகலத் திறந்துகிடந்தது. வாசலில் யாரும் இல்லை.

அவர்கள் அந்தப் படிகளில் எப்படி இறங்கினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. அவளை வண்டியில் ஏற்றி அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கடைக்கு வந்தான். டிஸ்க்கைச் சுத்தியலால் அடித்து நொறுக்கினான். தூள் தூளான பிறகும் அடித்தான். வெட்கமும் பயமும் சேர்ந்து கண்ணில் நீர் முட்டியது. ஒரு பெண்ணைக் காத்துநின்ற பூட்டைப் பழுது என்று நினைத்துத் திறந்துவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

அந்தப் பக்கத்தைக் கிழித்துப்போட நோட்டைத் திறந்தான். அவன் எழுதிய நாலு வரிகள் நீல மையில் இருந்தன. அவற்றின் கீழே ஐந்தாவதாக ஒரு வரி. சிவப்புப் பென்சில். இடப்பக்கம் சாய்ந்த எழுத்து.

'5. கதவு இப்போது நன்றாகத் திறக்கிறது.'

போன் அடித்தது. அவள்தான்.

"தங்கச்சி வீட்டுக்கு வந்துட்டேன் தம்பி. எல்லாரும் வெளிய போயிருக்காங்க." மூச்சு இரைத்தது. "இங்க கம்ப்யூட்டர் கிடையாது. மாடி கிடையாது. வீட்டுல ஒரு படிகூடக் கிடையாது."

"நல்லதுதானேக்கா."

"அப்புறம் ஏன் தம்பி படியேறுற சத்தம் கேக்குது?"

மறுமுனையில் அவள் கிசுகிசுப்பாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டு... பதிமூணு..."

பிறகு அவள் எண்ணவில்லை. போனில் ஒரு கதவு கிரீச்சிட்டது. எங்கும் திக்காமல், கடைசி வரை தெளிவாகக் கேட்டது.