நட்சத்திரத்துக்கு ஒரு குரல்

பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் காந்திமதிக்கு நட்சத்திர வேடம்.

"ஒரு வசனம்கூட இல்லடி. சும்மா மின்னிக்கிட்டு நிக்கணுமாம்," என்று கண் கலங்கினாள்.

தோழி தையல்நாயகிக்குப் பொறுக்கவில்லை. "உன் நட்சத்திரத்துக்கு நான் குரல் கொண்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை தாம்பரம் முழுக்க மழை. இருவரும் தையல்நாயகியின் அண்ணன் ஏகநாதனின் அறைக்குப் போனார்கள். எந்த வாத்தியத்திலும் வராத ஓசைகளைக் கம்ப்யூட்டரில் உண்டாக்குவது அவனுக்குப் பொழுதுபோக்கு.

"புல்லாங்குழல் மாதிரி இருக்கிறது ஒரு ஃபோல்டர், வயலின் மாதிரி ஒண்ணுன்னு பிரிச்சேன். மிச்சமெல்லாம் எதுலயும் சேரல. நூத்துக்கணக்குல கெடக்கு. எப்படித் தேடுவீங்க?"

தையல்நாயகி கண்ணை மூடிக்கொண்டாள். "ஒவ்வொண்ணா போடுண்ணா."

முதல் ஓசை குமிழ் குமிழாக எழுந்தது.

"இது ஈரம்."

அடுத்தது கீறிக்கொண்டு வந்தது.

"இது முள்ளு."

"சத்தத்துல முள்ளு ஏது?" ஏகநாதன் சிரித்தான்.

"நீயும் கண்ணை மூடிக் கேளு."

கேட்டான். தோளைக் குறுக்கிக்கொண்டான். "அட, குத்துது!"

ஈரம், முள், பஞ்சு, தூக்கம் என்று புதிய ஃபோல்டர்கள் பிறந்தன. அறை மெல்ல மிதக்கத் தொடங்கியது. ஓர் ஓசை கூரையடியில் மேகம்போல் நகர்ந்தது. இன்னொன்று காலடியில் பூனைக்குட்டிபோல் சுருண்டது.

விஸ்ஸ்ஸ்!

"இதுவும் முள்ளு!" என்றாள் காந்திமதி.

"அது குக்கர்!" சமையலறையிலிருந்து அம்மா சிரித்தாள்.

"காந்தி, உன் நட்சத்திரம் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள் தையல்நாயகி.

காந்திமதியும் கண்ணை மூடிக்கொண்டாள். "ஈரமா... ஆனா பஞ்சு மாதிரியும். தூரத்துல தனியா இருக்குல்ல?"

"ஒரே ஒரு சத்தத்தை எதுல சேர்க்கிறதுன்னு தெரியாம ரெண்டுலயும் போட்டு வெச்சேன்," என்றான் ஏகநாதன்.

அதை ஒலிக்கவிட்டான். யாரோ வானத்தின் அந்தக் கோடியிலிருந்து மெதுவாகக் கூப்பிடுவதுபோல் இருந்தது.

"இதுதான் நான்," என்றாள் காந்திமதி.

கேசட்டில் பதிந்து கொடுத்தான் அண்ணன்.

விழா அன்று மேடை இருண்டது. வெள்ளிக் காகித உடையில் காந்திமதி தலை நிமிர்ந்தாள். தையல்நாயகி டேப் ரிக்கார்டரை அழுத்தினாள். அந்த ஓசை பரவியதும் கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டது.

முன்வரிசையில் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து நின்றான்.

"இரு, இதோ வர்றேன்!" என்று நட்சத்திரத்துக்குப் பதில் சொன்னான்.

நாடகத்தில் அப்படி ஒரு காட்சியே இல்லை. ஆனாலும் காந்திமதி குனிந்து கையை நீட்டினாள்.

திரைக்குப் பின்னால் தையல்நாயகி ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.